நான்கு மில்லிலிட்டர்: பாக்ஸ்டர் – ஷயர்ஸ் கட்டுரையின் ஒரு மறுவாசிப்பு

கடும் தீக்காய நோயாளிகளுக்கு முதல் நாளில் தேவைக்கு மேல் திரவம் ஏறிவிடுகிறது என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. அமெரிக்கத் தீக்காய அறுவை மருத்துவர் பேசில் புரூயிட் 2000இலேயே இதைக் கண்டித்து எழுதிவிட்டார். காரணம் எது என்பதில்தான் பிணக்கு. பார்க்லேண்ட் சூத்திரத்தின் எண்ணே பெரியது, அதைக் குறைத்தால் போதும் என்று ஒரு சாரார் நெடுநாளாக வாதிடுகின்றனர். மூல ஏட்டை அவர்கள் வாசிக்கும் முறை எனக்கு ஏற்புடையதாக இல்லை.

டல்லஸ் பார்க்லேண்ட் மருத்துவமனையிலிருந்து பாக்ஸ்டரும் ஷயர்ஸும் 1968இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஒற்றை வரிதான் பாடநூல்களுக்கு வந்து சேர்ந்தது: கிலோ எடைக்கும் வெந்த பரப்பின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 4 மி.லி. ரிங்கர் லாக்டேட், அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில். முதல் 24 மணி நேரம் கழிந்தபின் பிளாஸ்மா தரவேண்டும் என்ற மறுபாதி வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. இதயம் வெளியேற்றும் இரத்த அளவையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துத் திரவம் கொடுத்தவர்கள் கண்டெடுத்த எண் அது. கவனிப்பின் விளைவாக வந்த எண், கவனிப்புக்கு முன்பே எழுதப்படும் உத்தரவாக மாறிவிட்டது.

பெரும்பாலான பெரியவர்களின் தேவை 3.7க்கும் 4.3க்கும் இடையில் அடங்கியது என்று பாக்ஸ்டர் பின்னாளில் எழுதினார். எண் சரியானது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் இதை வேறுவிதமாக வாசிக்கிறேன். அந்த இடைவெளி மணிக்கு மணி கூட்டியும் குறைத்தும் கிடைத்த முடிவு. சூத்திரம் தானாகச் சாதித்ததன்று. 4இல் தொடங்கியதாலேயே முடிவும் 4ஐ ஒட்டி அமைந்திருக்கலாம் என்ற ஐயத்தை அந்தத் தரவு மட்டும் தீர்த்துவைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கப் போர்வீரர்களிடையே செய்து 2009இல் வெளியான ஒப்பீடு என் பக்கமே சாய்கிறது. 2இல் தொடங்கியவர்கள் சராசரி 3.8இலும், 4இல் தொடங்கியவர்கள் 5.9இலும் முடிந்தனர். இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. சிறுநீர் குறையும்போது சொட்டைக் கூட்டும் கை, சிறுநீர் மிகும்போது குறைக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு நல்ல விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

60 கிலோ எடை, 40 விழுக்காடு காயம் என்று கொள்வோம். கணக்கு 9,600 மி.லி.; முதல் 8 மணி நேரம் மணிக்கு 600. காயம்பட்ட நேரத்திலிருந்தே கணக்கு ஓடுவதால், மூன்று மணி நேரம் தாமதித்து, வழியில் திரவம் எதுவும் பெறாமல் வந்தவருக்கு அது 960 ஆகிவிடும். இவருக்கு வேண்டிய சிறுநீர் மணிக்கு ஏறத்தாழ 30 மி.லி. பையில் 80, 90 என்று சேர்வதைச் செவிலியர் ஏட்டில் முறையாகக் குறிக்கிறார். ஆனால் சொட்டைத் தொட அவருக்கு அனுமதியில்லை. மருத்துவர் அடுத்த சுற்றுக்கு வருவதற்குள் இரண்டு லிட்டர் கூடுதலாக இறங்கியிருக்கும். அது திசுக்களில் கசிந்து, வயிற்றறை அழுத்தத்தை ஏற்றி, சிறுநீரையே நிறுத்தும். உடனே மேலும் திரவம்! காயப் பரப்பை முதலில் மிகையாக மதிப்பிட்டிருந்தால் (அனுப்பிவைக்கும் மருத்துவமனைகளில் இது சாதாரணம்) கேட்கவே வேண்டாம்.

மின்சாரக் காயத்தில் சிறுநீர் இலக்கு வேறு. இரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அளவு பொய் சொல்லும். இவை விதிவிலக்குகள், சிறுநீரைப் பார்த்துச் சொட்டைக் குறைக்கும் விதியைச் சாய்ப்பவை அல்ல. செவிலியர் பற்றாக்குறை என்ற மறுப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: மணிக்கொரு முறை அளந்து எழுத ஆள் இருக்கும் இடத்தில், சொட்டைக் குறைக்கவும் அதே ஆள் போதும்.

தொடக்க எண்ணை 2 ஆக்குவதை நான் எதிர்க்கவில்லை. குறைக்கும் கை இல்லாத விடுதியில் அதுவும் ஏறத்தான் செய்யும். இலக்கைத் தாண்டிய சிறுநீர் தொடர்ந்தால் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது செவிலியரே குறைக்கலாம் என்ற எழுத்து அதிகாரம் ஒவ்வொரு தீக்காய விடுதியின் நெறிமுறையிலும் இடம்பெறவேண்டும். இனி வரும் ஆய்வுகள் தொடக்க எண்ணோடு மணிவாரிச் சிறுநீர்ப் பதிவையும் சேர்த்து வெளியிடட்டும்.