ஏக்மோர்த்: ஓர் அரசத் துறைமுகத்தின் எழுச்சியும் தேய்வும்

பிரான்சின் தென்கரையில், ரோன் ஆறு கிளை பிரிந்து மத்தியதரைக் கடலில் கலக்கும் கமார்க் சமவெளியின் மேற்கு ஓரத்தில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே அமைந்த ஏக்மோர்த் 13ஆம் நூற்றாண்டில் அரச ஆணையால் உருவான சிற்றூர் ஆகும். கடல் பின்வாங்கியதால் இதன் துறைமுகம் அழிந்தது என்பதே பரவலாக வழங்கிவரும் கதை. ஆனால் கரையோர நிலவமைப்பையும் அரசியல் எல்லைகள் மாறிய வரலாற்றையும் சேர்த்து நோக்கினால், மணலுக்கு இதில் இரண்டாம் இடமே உண்டு என்பதும், துறைமுகத்தை வேண்டச் செய்த தேவை மறைந்ததே முதற்காரணம் என்பதும் புலனாகும்.

கத்தார் எனப்பட்ட சமயப் பிரிவினரை ஒடுக்கும் பெயரில் தெற்கே நடந்த அல்பிஜென்சியச் சிலுவைப்போர் 1229இல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தபோது, பிரெஞ்சு முடியாட்சி முதன்முறையாக மத்தியதரைக் கரையில் நேரடி ஆட்சி பெற்றது. ஆயினும் நல்ல துறைகள் அனைத்தும் பிறர் கையிலேயே இருந்தன. நார்போன் அதன் குறுநிலத் தலைவர்களிடமும், மொன்பெலியே 1204 முதல் அராகன் அரச குடும்பத்திடமும் இருந்தன; மார்செய், புனித உரோமப் பேரரசின் எல்லைக்குள் அடங்கிய புரோவான்ஸ் பகுதியைச் சேர்ந்தது. கிழக்கு நோக்கிப் படையெடுக்க எண்ணிய ஒன்பதாம் லூயி மன்னனுக்குத் தன் சொந்த மண்ணில் எஞ்சியது சதுப்பும் உப்பங்கழியுமான ஒரு குறுகிய கரைத்துண்டு மட்டுமே.

அந்த நிலம் துறைமுகத்துக்கு ஏற்றதன்று. ரோன் கொண்டுவரும் வண்டலை நீரோட்டம் கரையோரமாக மேற்கே தள்ளிச் சென்று நீண்ட மணல்திட்டுகளாகக் குவிக்க, அவற்றுக்குப் பின்னே ஆழம் குறைந்த உப்பங்கழிகள் தேங்கின. திட்டுகளை அறுத்துக்கொண்டு கடலோடு கலக்கும் வாய்கள் ‘க்ரோ’ எனப்பட்டன. லூயியின் காலத்திலும் கடலலை ஊரின் மதிலைத் தொட்டதில்லை. பெருங்கப்பல்கள் கடற்பக்கத்தில் நங்கூரமிட்டு நிற்க, படகுகள் கழிகளையும் வெட்டப்பட்ட கால்வாயையும் கடந்து ஊரை அடைந்தன. குடிநீர் அரிது, சதுப்புக் காய்ச்சல் பெரிது. மண் தாராளமாகத் தந்தது உப்பை மட்டுமே.

மன்னன் இந்நிலத்தை அருகிலிருந்த சல்மோதி மடத்துத் துறவிகளிடமிருந்து, சொமியேர் ஊரை ஒட்டிய வேறு நிலத்துக்கு மாற்றாகப் பெற்றான். விரும்பிக் குடியேற எவரும் முன்வராத இடமாதலால், 1246இல் வழங்கப்பட்ட சாசனம் குடியேறுவோருக்கு வரிச்சலுகைகளையும் தன்னாட்சி உரிமைகளையும் அளித்தது. அதே ஆண்டுகளில் எழுந்த கொன்ஸ்தான்ஸ் கோபுரம் 22 மீ. விட்டமும் 6 மீ. தடிப்பான சுவரும் கொண்ட வட்டக் கோட்டை. அதன் உச்சியிலிருந்த சிறு கோபுரம் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. லூயி 1248 ஆகஸ்ட் 25 அன்று இங்கிருந்து சைப்ரஸ் நோக்கியும், 1270 ஜூலையில் தூனிஸ் நோக்கியும் புறப்பட்டான். இரண்டாம் பயணத்திலிருந்து அவன் மீளவில்லை. முதற்பயணத்துக்கான கப்பல்கள் ஜெனோவாவிலும் மார்செயிலும் அமர்த்தப்பட்டவை என்பதும், மன்னனின் வரலாற்றை எழுதிய ஜுவான்வீல் பிரபுவே மார்செயிலிருந்துதான் கப்பலேறினார் என்பதும் புதிய துறைமுகத்தின் உண்மையான வலுவைக் கணிக்க உதவும் செய்திகள்.

இன்று பயணிகள் வியக்கும் மதில் லூயி கட்டியதன்று. அவன் மகன் மூன்றாம் பிலிப், ஜெனோவாவின் முன்னாள் ஆட்சித்தலைவரான குல்யெல்மோ போக்கனெக்ராவுடன் 1272இல் ஒப்பந்தம் செய்து தொடங்கிய பணி, அவர் இறந்த பின்னும் நீண்டு, நான்காம் பிலிப்பின் ஆட்சியில் அந்நூற்றாண்டின் இறுதியையொட்டி முற்றுப்பெற்றது. 1,634 மீ. சுற்றளவும் 20 கோபுரங்களும் உடைய அம்மதிலுக்குள், தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்கின்றன. வடக்கே சதுப்பைக் கடந்துவந்த ஒரே தரைவழியைக் கர்போனியேர் கோபுரம் காத்தது.

ஊர் எழுந்தது, வணிகம் தானாக வரவில்லை. எனவே சட்டம் அதை இழுத்துவந்தது. 1278இல் மூன்றாம் பிலிப் இத்தாலிய வணிகர்களை நீம் நகரில் குடியமர்த்தி, அவர்கள் சரக்கு ஏக்மோர்த் வழியே செல்லவேண்டும் என்று உடன்படிக்கை செய்தான். கலங்கரை விளக்கத்தின் ஒளி தெரியும் தொலைவில் செல்லும் கப்பல் துறைக்குள் வந்து, சரக்கின் மதிப்பில் லீவ்ருக்கு ஒரு தெனியே, அதாவது 240இல் ஒரு பங்கு, சுங்கம் செலுத்தவேண்டும் என்பது விதியாயிற்று. தம் சரக்கு அருகிலிருந்த லாத் துறை வழியாகவே எளிதாகச் செல்லக்கூடியதாக இருந்த மொன்பெலியே வணிகர்கள் இதை வெறுத்ததில் வியப்பில்லை. ஆணையால் மட்டுமே கப்பல் நுழையும் துறைமுகம், அந்த ஆணைக்குப் பின்னுள்ள அரசியல் மாறினால் நிலைப்பது அரிது.

அரசியல் மாறவும் செய்தது. 1349இல் பிரெஞ்சு மன்னன் மொன்பெலியேயை விலைகொடுத்து வாங்கினான். 1481இல் புரோவான்ஸ் முடியாட்சியோடு இணைந்தபோது, ஆழமான இயற்கைத் துறையான மார்செய் பிரான்சின் வசமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் கால்வாய்களைத் தூர்வாரும் செலவு ஓயாத சுமையாக இருந்தது உண்மையே. ஆயினும் மாற்று இல்லாதவரை அச்செலவு தாங்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் பெருவணிகர் சாக் கேரின் கப்பல்கள் இக்கரையிலிருந்து கீழைநாடுகளுக்குச் சென்றன. 1538 ஜூலையில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களோடு வந்து பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவை இங்கேயே சந்தித்ததும், மணல் வழியை முற்றாக அடைத்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

துறைமுகம் தேய, கோபுரம் சிறையாயிற்று. புரோட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுரிமை அளித்த நாந்த் ஆணை 1685இல் ரத்தான பின், தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்தவர்கள் கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைக்கப்பட்டனர். 1730இல் அடைக்கப்பட்ட மரி துராண் 38 ஆண்டுகளுக்குப் பின் 1768இல்தான் விடுதலையானார். ஊர் விரிவடையாததால் மதிலை இடிக்கும் தேவையும் எழவில்லை. பிற நகரங்கள் வளர்ச்சிக்காக இழந்ததை ஏக்மோர்த் தேக்கத்தால் காத்துக்கொண்டது.

எஞ்சிய பொருளாதாரம் உப்பளங்களைச் சார்ந்தது. 1893 ஆகஸ்டில், உப்பு அறுவடைக்கு வந்த இத்தாலியத் தொழிலாளர் மீது உள்ளூர் மக்களும் பிற பிரெஞ்சுத் தொழிலாளரும் நடத்திய தாக்குதலில் அரசுக் கணக்குப்படி எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். ஆங்குலேம் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. இதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில் கடல்வரை வெட்டப்பட்ட புதிய கால்வாயின் முகத்தில் வளர்ந்த மீனவர் குடியிருப்பு, 1879இல் ல க்ரோ து ருவா என்னும் தனி ஊராட்சியாகப் பிரிந்துசென்றது. கடற்கரை முழுவதும் அதன் எல்லைக்குள் போனதால், மன்னனுக்குக் கடல்வழி தருவதற்கென நிறுவப்பட்ட ஏக்மோர்த்துக்குச் சொந்தமாகக் கரை எதுவும் இல்லாமற்போயிற்று.