சீழ்க்கைக்கு முந்திய பாட்டு: மோரிகோனேயைக் கேட்கத் தொடங்கும் நண்பருக்கு

1

வீதி நாடகம் போடுகிற நண்பர் ஒருவர் போன மாதம் வந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் புதிதாக ஒரு நாடகம் தயாராகிறதாம். கதாநாயகன் நுழையும்போது அந்த கௌபாய் படச் சீழ்க்கையை வைக்கலாம் என்று நினைக்கிறார். "யாருதுன்னு கேட்டா மோரிகோனேங்கறாங்க. அவரைக் கேக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது தோழர்?" என்றார்.

கேள்வி எளிது, பதில் அப்படியில்லை. 1928இல் ரோமில் பிறந்து 2020 ஜூலையில் அதே ஊரில் இறந்த என்னியோ மோரிகோனே நானூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். இவ்வளவிலிருந்து எதை எடுத்துக் கொடுப்பது என்பது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. அது வரலாறு சம்பந்தப்பட்டது.

'சிறந்தவை' என்று வருகிற தொகுப்புகளிலிருந்து ஆரம்பிக்காதீங்க என்றேன். தமிழ் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொகையைப் பார்த்தாலும் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். சங்கத் தொகைகள் சிலவற்றுக்காவது அந்தப் பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. இசைத்தட்டுத் தொகுப்புகளில் தொகுப்பிப்பது சந்தை. முதலில் கௌபாய் படங்கள், பிறகு ஒரே தாவலாக 1986இன் 'தி மிஷன்', 1988இன் 'சினிமா பாரடைசோ' என்றுதான் அவை பெரும்பாலும் போகின்றன. நடுவிலே ஒரு பத்தாண்டு ஒடுங்கிப்போகிறது. இத்தாலியின் ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் கொந்தளித்த, 1966 தொடங்கி 1976 வரையிலான பத்தாண்டு அது. அங்கிருந்து கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

2

ஆனாலும் அந்தச் சீழ்க்கையைத் தாண்டிப் போக முடியாது. அதன் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும்.

மோரிகோனேயின் அப்பா டிரம்பெட் வாசிப்பவர். மகனும் அதையே கற்றார். யுத்தம் முடிகிற காலத்தில் ரோமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாசித்து, கூலிக்குப் பதில் சாப்பாடு வாங்கிய சிறுவன் அவர். அந்த அவமானத்தைப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். கொஃப்ரேதோ பெத்ராஸ்ஸியிடம் செவ்வியல் இசையமைப்பு படித்து 1954இல் பட்டம் வாங்கியும் வயிற்றுப்பாட்டுக்கு ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனியில் மெல்லிசைப் பாட்டுகளுக்கு வாத்தியக்கோர்ப்பு செய்தார். அப்படி 1962இல் பீட்டர் டெவிஸ் என்ற அமெரிக்கப் பாடகருக்காகச் செய்து கொடுத்த ஒன்று, வூடி கத்ரி 1941இல் எழுதிய பாட்டு. ஊர் ஊராக, வயல் வயலாகப் போய் அடுத்தவன் விளைச்சலை அறுத்துக் கொடுக்கும் இடம்பெயர் கூலிகளின் பாட்டு அது. மோரிகோனே அதற்குச் சாட்டைச் சொடுக்கையும் மணியையும் சுத்தியல் அடியையும் பின்னணியாக வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்த செர்ஜியோ லியோனே, 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) படத்துக்காக அவரைத் தேடி வந்தபோது இந்தப் பதிவைக் கேட்டார். அந்தப் பின்னணியே அவருக்கு வேண்டியிருந்தது. பாட்டு எடுக்கப்பட்டது. பாடகன் இருந்த இடத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியின் சீழ்க்கை புது மெட்டோடு வந்து உட்கார்ந்தது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகமே 'தனி வீரனின் இசை' என்று அடையாளம் காணும் அந்த ஒலி, ஒரு கூலிக்காரனின் குரலை அகற்றிய இடத்தில் எழுந்தது. அவனுடைய வேலையின் சத்தங்கள் அப்படியே இருக்கின்றன. அவனைத்தான் காணோம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டு பதிவுகளும். கத்ரி பாட்டின் 1962 பதிவு முதலில், லியோனே படத்தின் தலைப்பிசை அடுத்து. அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

3

இரண்டாவதாக 'அல்ஜியர்ஸ் யுத்தம்' (1966). இசைக்கான பெயர்வரிசையில் மோரிகோனேயோடு இயக்குநர் ஜில்லோ பொந்தேகோர்வோவின் பெயரும் இருக்கும். பிரெஞ்சு பாராசூட் படை கஸ்பாவுக்குள் நுழையும்போது ராணுவ முரசும் பித்தளை வாத்தியங்களும் மூச்சுவிட இடம் தராமல் துரத்துகின்றன. போராளி அலிக்கு ஒரு மெல்லிய குழலிசை. இந்த எதிர்வு எளிதானது, யாருக்கும் புரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கஸ்பாவில் குண்டுவெடித்துச் செத்த அல்ஜீரியர்களின் உடல்களை எடுக்கும்போது ஒலிக்கிற இரங்கலிசையே, போராளிகள் வைத்த குண்டில் செத்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒலிக்கிறது. படம் யார் பக்கம் என்பதில் சந்தேகமே கிடையாது. இருந்தும் பிணங்களுக்கு அது இரண்டு இசை வைக்கவில்லை. பக்கம் சார்வது என்றால் எதிரியின் சாவைக் கேட்காமல் இருப்பதுதான் என்று நம்புகிற நம் தோழர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

இதே படத்தை 2003இல், இராக் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் தன் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியது. ஒரு பிரதி யார் கையில் சிக்கும் என்பதை அதை ஆக்கியவன் தீர்மானிக்க முடியாது என்பதற்கு வேறென்ன உதாரணம் வேண்டும்?

பொந்தேகோர்வோவின் அடுத்த படமான 'கேமாதா'விலிருந்து (1969) 'அபோலிசோன்' என்ற பகுதி மட்டும் போதும். ஆர்கன் தொடங்க, கூட்டுக்குரல் அடிமை ஒழிப்பைக் குறிக்கும் அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி மேலே மேலே ஏறுகிறது. கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் படத்தில் மார்லன் பிராண்டோ நடித்த ஆங்கிலேய முகவன் கரும்புத் தோட்ட முதலாளிகளிடம் சாவதானமாகக் கணக்குச் சொல்கிறான்: அடிமையைக் காட்டிலும் கூலிக்காரன் செலவு குறைவு. இசையின் ஆனந்தத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தக் கூலி பற்றி நாடகம் போடுகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது சீழ்க்கையை அல்ல, இதை.

4

மூன்றாவதாக எலியோ பெத்ரியின் இரண்டு படங்கள்.

'சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குடிமகனைப் பற்றிய விசாரணை' 1970 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. 1969 டிசம்பர் 12 அன்று மிலான் வங்கியொன்றில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். பிடித்துவைக்கப்பட்ட அராஜகவாதி ரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லி டிசம்பர் 15 இரவு போலீஸ் தலைமையகத்தின் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். அந்தக் குண்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இதற்கு முன்பே எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தவர்களுக்கு அது வேறு படமாக இருந்திருக்கும். காதலியைக் கொன்றுவிட்டு, தனக்கு எதிரான தடயங்களைத் தானே விட்டுச்செல்கிற போலீஸ் அதிகாரியின் கதை. தன்னை யாரும் தொடமுடியாது என்பதை அவன் நிரூபித்துப் பார்க்கிறான். அவனுக்கு மோரிகோனே கம்பீரமான இசை எதையும் போடவில்லை. மாண்டலின், சுருதி கலைந்த பியானோ, சிசிலிக்காரர்கள் வாசிக்கும் மோர்சிங். நொண்டி நொண்டி நடக்கிற, உள்ளுக்குள் சிரிக்கிற ஒரு மெட்டு. அதிகாரத்தைக் கீழேயிருந்து பார்த்தால் அது எப்படி நடக்கும் என்பதை இந்த இசை நடந்தே காட்டுகிறது.

'தொழிலாளி வர்க்கம் சொர்க்கத்துக்குப் போகிறது' (1971), 'சூடான இலையுதிர்காலம்' என்று அழைக்கப்பட்ட 1969 வேலைநிறுத்தங்களின் சூட்டில் பிறந்தது. பீஸ் ரேட்டுக்கு வெறியோடு உழைத்து ஒரு விரலை இழக்கும் லூலூவின் கதை. இதன் தலைப்பிசையில் மெட்டும் இயந்திரமும் தனித்தனியாக இல்லை. இழைப்பு கத்தியைப் போல மேலேறும் தந்திகளுக்கு இடையே அழுத்தப் பொறி விழுவது போன்ற சத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது. இரைச்சலையும் இசையாக்கும் இந்தத் துணிச்சலை அவர் வேறொரு இடத்தில் பழகியிருந்தார். ஃபிராங்கோ எவாஞ்செலிஸ்தி 1964இல் தொடங்கிய 'நுவோவா கொன்சொனான்ஸா' குழுவில், முன்கூட்டி எழுதிவைக்காமல் வாசிக்கும் இசைக்காரர்களோடு டிரம்பெட் ஊதினார். அந்தக் குழுவின் பதிவு ஒன்றையும் கேளுங்க. முதல் தடவை எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

5

இங்கே ஒரு சுயவிமர்சனம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் உருவான என் காது சொல்லைத்தான் தேடும். பாட்டென்றால் சொல், அரசியல் பாட்டென்றால் அரசியல் சொல். எட்டா டெல்லோர்ஸோவின் குரல் இதைக் கலைத்தது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) கல்லறைக் காட்சியிலும், 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்திலும் அவர் ஒரு சொல்லும் பாடுவதில்லை. ஆனாலும் எதுவோ சொல்லப்படுகிறது.

அதற்குப் பிறகு 'சாக்கோவும் வான்செட்டியும்' (1971) படத்துக்கு வரவேண்டும். கொலைக் குற்றச்சாட்டில் 1920இல் கைதாகி, 1927 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவில் மின்நாற்காலியில் கொல்லப்பட்ட இரண்டு இத்தாலியக் குடியேறிகள். ஒருவர் செருப்புத் தொழிலாளி, மற்றவர் மீன் விற்றவர். விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் 1977இல், ஐம்பது ஆண்டு கழித்து, அறிவித்தார். மோரிகோனேயின் மெட்டுக்கு ஜோன் பயஸ் எழுதிப் பாடிய பாட்டு மொத்தமே நாலு வரி. அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மையம் இரண்டு பெயர்கள். அவர் பாடுவது குடும்பப் பெயரையல்ல, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி முதற்பெயரை.

1964இல் கூலிக்காரனின் குரலை எடுத்துவிட்ட அதே கை, ஏழு வருஷம் கழித்து இரண்டு கூலிக்காரர்களின் பெயர்களை மறக்கவே முடியாதபடி செய்திருக்கிறது. இதை மோரிகோனேயின் மனமாற்றம் என்று வாசித்தால் ஏமாந்துபோவோம். அவர் கட்சிக்காரர் அல்ல, பக்தியுள்ள கத்தோலிக்கர். போப் பிரான்சிஸுக்குப் பூசை இசை எழுதினார். கேட்டவர்களுக்கெல்லாம் இசையமைத்த தொழில்காரர். மாறியது அவரிடம் கேட்டவர்கள். பொந்தேகோர்வோவும் பெத்ரியும், அவர்களுக்குப் பின்னாலிருந்த தெருக்களும் ஆலைகளும் வேறுவிதமான இசையைக் கேட்டன. ஆசிரியனின் நோக்கத்தில் அரசியலைத் தேடி அலுத்துப்போன நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் காதால் கேட்பது வேறு.

முடிவில் பெர்த்தோலூச்சியின் '1900' (1976). பெலிஸ்ஸா வரைந்த, தொழிலாளர் கூட்டம் நம்மை நோக்கி நடந்து வரும் ஓவியத்தின் மீது இதன் தலைப்பிசை ஒலிக்கும். அந்தப் பத்தாண்டை அங்கே முடித்துக்கொள்ளலாம். 'தி மிஷன்' பிறகு தானாக வரும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது வேறொரு யோசனை. "அந்த நாலு வரி மெட்டுல நிக்கோலா, பார்ட் பேரை எடுத்துட்டு நம்ம ஆட்கள் பேரைப் போட்டுக்கலாமா?" போடலாம், பாட்டு அதற்குத்தான் இருக்கிறது என்றேன். ஆனால் நாடகம் தொடங்குவதற்கு முன்னால், எந்த இரண்டு பேரை எடுத்துவிட்டு இந்தப் பெயர்களைப் போட்டீர்கள் என்பதை ஒரு நிமிஷம் நின்று ஜனங்களிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சீழ்க்கையை அவர் விட்டுவிட்டார்.