மாலத்தீவுக்குப் போகிறீர்களா? பெட்டியில் எடுத்து வைக்க வேண்டிய உடைகள்

கடற்கரைக்குச் சுற்றுலா போகும் நம் குடும்பங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. வாப்பாவும் பிள்ளைகளும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருப்பார்கள். உம்மா மட்டும் கரையில் அமர்ந்து செருப்புகளையும் செல்போன்களையும் காவல் காத்துக்கொண்டிருப்பார். கடல் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. இறங்குவதற்கேற்ற உடை பெட்டியில் இல்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தீவுக்குப் போய், குடும்பத்தில் ஒருவர் மட்டும் கால் நனைத்துத் திரும்புவது நியாயமில்லை. இதை மாற்ற வேண்டிய இடம் கடற்கரை அல்ல; வீட்டில் பெட்டி அடுக்கும் நேரம்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் நாடான மாலத்தீவை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன உடை தேவை என்று பார்ப்போம்.

எந்தத் தீவில் தங்குகிறீர்கள்?

மாலத்தீவில் தங்குமிடம் இரண்டு வகை. முதலாவது, ஒரு தீவு முழுவதுமே விடுதியாக இருக்கும் ரிசார்ட். இரண்டாவது, உள்ளூர் மக்கள் வாழும் மாஃபுஷி, துலுஸ்தூ, உக்குல்ஹாஸ் போன்ற தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்கள். செலவு குறைவு என்பதால் நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் இவற்றையே தேர்ந்தெடுக்கின்றன.

ரிசார்ட்டில் வெளிநாட்டுப் பயணிகள் நீச்சலுடையில் நடமாடுவார்கள். உள்ளூர்த் தீவுகளில் தெருவிலும் பொதுக் கடற்கரையிலும் எல்லாரும் உடலை மறைக்கும் உடை அணிய வேண்டும். அதற்கு மாறாக உடுத்த விரும்பும் பயணிகளுக்கென்றே தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே முழு உடையோடு கடலில் இறங்கும் நம் பெண்களை உள்ளூர்த் தீவில் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். அங்குள்ள பெண்களும் பிள்ளைகளும் உடுத்திய உடையோடுதான் குளிக்கிறார்கள்.

வெயிலும் மழையும்

ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும்; இரவில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிருக்கான உடை தேவையில்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் இருக்கும். பள்ளிக் கோடை விடுமுறையில், மே மாதம் போகிறவர்கள் ஆளுக்கொரு மெல்லிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். படகில் காற்று பலமாக வீசும்; குடை பயன்படாது.

காற்றில் ஈரப்பதம் அதிகம். துவைத்த துணி காய நேரமாகும். கனமான ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெல்லிய பருத்தி, லினன், ரேயான் துணிகள் கரையில் நடக்க ஏற்றவை. லினன் கசங்கும், தீவில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

பெண்களுக்கு: கடலில் இறங்கும் உடை

பட்டியலில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். பலர் பழைய சுடிதாரோடோ புர்காவோடோ இறங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இது அழகு பற்றிய விஷயமல்ல, உயிர் பற்றியது. பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். அகலமான அடிப்பகுதியும் துப்பட்டாவும் அலையில் காலைச் சுற்றும். நீந்தத் தெரிந்தவரையும் அது இழுத்துவிடும்.

இதற்கென்றே உள்ள உடைதான் புர்கினி. லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெட்டி என்ற பெண்மணி 2004இல் இதை வடிவமைத்தார். இப்போது பல நிறுவனங்கள் இதே வகை உடைகளைத் தைக்கின்றன. வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

- துணி நைலான் அல்லது பாலியஸ்டரோடு எலாஸ்டேன் கலந்ததாக இருக்கட்டும். இது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, சீக்கிரம் காயும்.
- மேலாடை முழங்கால் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். அது மிதந்து மேலே ஏறாமலிருக்க, கால்சட்டையோடு கட்டும் நாடாவோ கொக்கியோ உள்ளதா என்று பாருங்கள்.
- அடர் நிறம் வாங்குங்கள். வெளிர் நிறம் நனைந்தால் உள்ளே தெரியும். கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போதாது. வீட்டில் ஒருமுறை நனைத்து அணிந்து பாருங்கள்.
- தலைக்கு நீச்சல் துணியிலேயே தைத்த ஹிஜாப் வேண்டும். குண்டூசியும் பின்னும் கடலில் வேண்டாம்; துருப்பிடிக்கும், குத்தும்.

விடுதி நீச்சல் குளங்களில் சாதாரண ஆடையோடு இறங்க அனுமதிக்க மாட்டார்கள். நீச்சல் துணியில் தைத்த முழு உடையை ஏற்கிறார்களா என்று அறை பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆளுக்கு இரண்டு செட் எடுங்கள். காலையில் நனைந்தது அடுத்த குளியலுக்குள் காயாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். உப்பும் வெயிலும் எலாஸ்டேனைச் சீக்கிரம் கெடுத்துவிடும். தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் மேலே போட்டுக்கொள்ள, முன்புறம் திறந்த மெல்லிய அபாயா ஒன்று கரையில் தயாராக இருக்கட்டும்.

ஆண்களுக்கும் உண்டு

உடை ஒழுக்கம் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. கடைகளில் கிடைக்கும் நீச்சல் ஷார்ட்ஸ் பெரும்பாலும் தொடை நடுவில் நின்றுவிடும். நனைந்தால் இன்னும் மேலே ஏறும். முழங்காலுக்குக் கீழே வருவதைத் தேடி வாங்குங்கள், அல்லது உள்ளே இறுக்கமான நீளக் கால்சட்டை அணியுங்கள். மேலே ரேஷ் கார்டு எனப்படும் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் முதுகும் வெயிலில் பொசுங்காது. அறையில் இருக்கவும் தொழவும் கைலி போதும். மாலத்தீவு ஆண்களும் முண்டு கட்டும் வழக்கம் உள்ளவர்கள்தான்.

பிள்ளைகளின் நிறம்

பிள்ளைகளின் நீச்சலுடையை நிறம் பார்த்து வாங்குங்கள். நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு தூரத்திலிருந்தும் தெரியும். கூட்டத்தில் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆகும் சில நொடிகள் முக்கியமானவை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் அங்கே புற ஊதாக் கதிர் மிக அதிகம். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை, அதுவும் நனைந்தபின், அதைக் குறைவாகவே தடுக்கும். யூபிஎஃப் 50 என்று குறித்த துணி ஐம்பதில் ஒரு பங்கு கதிரையே உள்ளே விடும். தொப்பியும் பவளப் பாறை கீறாமலிருக்க ரப்பர் அடியுள்ள நீர்க் காலணியும் எல்லாருக்கும் வேண்டும்.

அழகாகவும் இருக்கலாம்

அழகாக உடுத்த நிறையத் துணி தேவையில்லை. ஒன்றோடொன்று சேரும் மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மேலாடை, மூன்று பலாசோ எடுத்தால் ஒன்பது விதமாக மாற்றி அணியலாம். வெண்மணலுக்கும் நீலக் கடலுக்கும் முன்னால் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, இலைப் பச்சை எடுப்பாக இருக்கும். இரவு விருந்துக்கு நல்ல உடை ஒன்று போதும். மாலத்தீவுப் பெண்களின் மரபு உடையான 'லிபாஸ்', கழுத்தைச் சுற்றிப் பொன், வெள்ளி நிற நூல் வேலைப்பாடு கொண்டது. வாங்கி வரவும் நல்ல நினைவுப் பொருள்.

எடையும் நனைதலும்

தொலைவிலுள்ள தீவுகளுக்கு நீர்விமானத்தில் போவதானால் பொதுவாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான் அனுமதி. விரைவுப் படகில் உப்புத் தண்ணீர் பெட்டி மீது தெறிக்கும். துணிகளை பிளாஸ்டிக் உறையிலிட்டு அடுக்குங்கள். முதல் நாள் நீச்சலுடை, தொழுகை உடை, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். உங்கள் பயணம் வெள்ளிக்கிழமையைத் தொட்டால் ஜும்ஆவுக்குத் துவைத்த ஜிப்பா ஒன்றையும் மறக்காதீர்கள். மக்கள் வாழும் தீவுகளில் நடந்து போகும் தூரத்திலேயே பள்ளிவாசல் இருக்கும்.

பெட்டியை மூடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கடலில் இறங்கும் உடை இருக்கிறதா? உம்மாவுக்கும், வாப்பும்மாவுக்கும், பெரிய பிள்ளைக்கும்? ஆம் என்றால், செருப்பைக் காவல் காக்கும் வேலையை இந்த முறை எல்லாரும் முறை வைத்துச் செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.