வீட்டு நீர்ப் பம்பில் உறிஞ்சல் குறைவு

ஓடும் பம்பு கிணற்றிலிருந்தோ நிலத்தடித் தொட்டியிலிருந்தோ போதிய தண்ணீரை எடுக்காத நிலை உறிஞ்சல் குறைவு எனப்படும். வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்பார்கள்; உடனே மோட்டாரை மாற்றவும் முனைவார்கள். அது பெரும்பாலும் வீண்செலவு. பம்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், சந்தேகம் முதலில் விழவேண்டியது பம்புக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட உறிஞ்சுகுழாய் மேல்தான்.

பம்புக்குள் இருக்கும் சுழல்சக்கரமான இம்பெல்லர் சுழன்று தண்ணீரை வெளியே தள்ளும்போது அதன் நடுப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் அப்போது தண்ணீரைக் குழாயில் மேலே ஏற்றுகிறது. கடல்மட்டத்தில் காற்றால் தாங்க முடிந்த நீரின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர், உராய்வும் ஆவியழுத்தமும் போக நடைமுறையில் கிடைப்பது 7 மீட்டர் அளவே. அரை எச்.பி. மோட்டாருக்கும் இரண்டு எச்.பி. மோட்டாருக்கும் இந்த வரம்பு ஒன்றுதான். பெரிய மோட்டார் பழைய குழாயில் கூடுதல் வேகத்தில் நீரை எடுக்க முயலும். உராய்வு இழப்போ வேகத்தின் இருமடியில் ஏறும். குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு நீருக்கு இழப்பு சுமார் 32 மடங்காகிறது. அழுத்தம் மிகத் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவிக்குமிழாகி, இம்பெல்லரில் பட்டு உடையும். சரளைக்கல் உருள்வது போன்ற சத்தம் அதன் அடையாளம். நாளடைவில் உலோகமும் குழிவிழும்.

உறிஞ்சுகுழாயில் உள்ள ஓட்டை எளிதில் கண்ணில் படாது. தள்ளுகுழாய் கசிந்தால் சுவர் நனையும். உறிஞ்சுகுழாய் கசிந்தால் பம்பு ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மேல்தொட்டியில் விழும் நீர் குமிழும் நுரையுமாக விட்டுவிட்டு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும். பம்பை நிறுத்தி, பிரைமிங் துளை வழியாகத் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது இன்னொரு சோதனை: நீர்மட்டம் இறங்கினால் உறிஞ்சுகுழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது குழாய் கசிகிறது. மட்டம் நின்றும் வரத்து குறைவாகவே இருந்தால் வடிகட்டியில் மணலும் பாசியும் அடைத்திருக்கலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். கடலோர மணற்பாங்கான நிலத்தில் இந்த அடைப்பு வழக்கமானது. உப்புக் காற்றும் உவர்நீரும் இரும்புக் குழாயையும் வார்ப்பிரும்பு இம்பெல்லரையும் விரைவில் அரிப்பதால் பிவிசி குழாயும் வெண்கல இம்பெல்லரும் இங்கே நீடித்து உழைக்கும்.

மின்னழுத்தக் குறைவும் பழுதான கப்பாசிட்டரும் காரணமாகலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் அவற்றுக்குத் தனி அறிகுறிகள் உண்டு. மோட்டார் சுழலத் திணறி உறுமும், சூடேறும். தண்ணீரில் காற்றுக் குமிழ் வராது. பெரிய மோட்டார் வைத்ததும் சரியாகிவிட்டது என்பது அதைவிட வலுவான மறுப்பு. புது பம்பைப் பொருத்தும்போது ஃபுட் வால்வும் இணைப்புகளும் சேர்ந்தே மாற்றப்படுவது உண்டு. குணம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

தெருக் குழாயில் இந்த மறுப்புக்கு வேறு விடை இருக்கிறது. வடசென்னையின் பழைய தெருக்களில் மெட்ரோ வாட்டர் இணைப்போடு அடிபம்பு பொருத்தியிருப்பார்கள். அழுத்தம் குறைந்த தண்ணீரும் எட்டட்டும் என்று குழாயை மேலே ஏற்றாமல், குழி தோண்டிப் பம்பைத் தாழ இறக்கும் வழக்கமும் உண்டு. உறிஞ்ச வேண்டிய உயரத்தைக் குறைப்பது இயற்பியலோடு ஒத்துப்போகும் நல்ல அறிவு. அதே இணைப்பில் நேரடியாக மோட்டார் வைப்பது விதிமீறல். மெட்ரோ வாட்டர் வாரியம் மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். அதனால் கிடைக்கும் கூடுதல் நீர் அக்கம்பக்கத்து வீடுகளின் பங்கு. அதைவிட மோசமானது, குழாய்க்குள் அழுத்தம் வெளியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் விரிசல் வழியே சாக்கடை நீர் குடிநீரில் கலந்துவிடும். அடிபம்பும் ஓரளவு இதைச் செய்யும், ஆனால் அதன் இழுவை சிறியது. தெருக்குழாய் நீரைத் தானாக நிலத்தடித் தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து மோட்டாரில் ஏற்றுவதே சரியான ஏற்பாடு.

கிணற்றில் மட்டம் இறங்கியதால் வரும் குறைவை எந்தப் பழுதுபார்ப்பாலும் தீர்க்க முடியாது. சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நின்று, சிறிது இடைவெளி விட்டால் மறுபடி எடுக்கும் பம்பு கிணற்றின் ஊற்றைவிட வேகமாக இறைக்கிறது. தள்ளுகுழாய் வால்வைச் சற்று மூடி, விட்டுவிட்டு ஓட்டினால் போதும். கடலோரத்தில் இப்படி மெதுவாக இறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உவர்நீரைத் தடுத்து நிற்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்பு ஏறும். எண்ணூருக்கு வடமேற்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-இல் தனிச் சட்டமே வந்தது.