இலண்டன் பங்குச் சந்தையின் மொழிமாற்றம்

யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த களனிவெளித் தோட்டங்கள் பல, ஒரு காலத்தில் ஸ்டேர்லிங் கம்பனிகளின் உடைமையாயிருந்தன. அத்தகைய கம்பனிகளின் பங்குகள் கைமாறிய இடம் இலண்டன். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதோடு அத்தொடர்பு அறுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், இலண்டன் பங்குச் சந்தையில் வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் கணினி முறைமை கொழும்பின் புறத்தே மாலபேயில் உருவாயிற்று. அது நிகழ்ந்தவாறு ஈண்டு ஆராயப்படும்.

2007 ஜூன் மாதத்தில் அச்சந்தை டிரேட்எலெக்ட் என்னும் முறைமையை நிறுவியது. அது மைக்ரோசொவ்ற் கம்பனியின் சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது. பயன்பட்டு முடிந்த நினைவகத்தைத் தானே தேடி மீட்டுக்கொள்வது அம்மொழியின் இயல்பு. எழுதுவோர்க்கு அது பெருந்துணையே. ஆயினும் மீட்கும் வேளையிற் செய்நிரல் கணப்பொழுது தயங்கி நிற்கவுங் கூடும். சம்பளக் கணக்குப் போடும் அலுவலகத்துக்கு அத்தயக்கம் ஒரு பொருட்டன்று. செக்கனின் ஆயிரத்திலொரு கூறுக்காகப் போட்டியிடும் சந்தைக்கோ அது பெருங்குறை. 1985 இல் வெளிவந்த சி பிளஸ் பிளஸ் மொழியில் இத்தயக்கம் இல்லை. நினைவகப் பொறுப்பு முழுவதும் எழுதுவோர் தலைமேலது.

2008 செப்டெம்பர் 8 ஆம் நாள், அமெரிக்க அரசு இரு பெரும் வீட்டுக்கடன் நிறுவனங்களைப் பொறுப்பேற்றதன் மறுநாள், இலண்டன் சந்தை ஏறத்தாழ ஏழு மணி நேரம் முடங்கிற்று. மொழியே குற்றவாளி எனப் பலர் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புக்குச் சான்று போதாது.

மறு ஆண்டு இலண்டன் செய்ததே கவனத்துக்குரியது. 1996 இல் இலங்கையில் தோன்றிய மிலேனியம் ஐ.ரி. கம்பனி, லினக்ஸ் தளத்தில், சி பிளஸ் பிளஸ் மொழியில் சந்தை முறைமைகளை ஆக்கிவந்தது. முறைமையை மட்டும் கொள்ளாது, அக்கம்பனியையே 3 கோடி டொலருக்கு இலண்டன் வாங்கிற்று. கடினமான மொழிக்கு மாறுவோர்க்கு அதில் தேர்ந்த கைகள் வேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது போலும்.

மாற்றமும் ஒரே பாய்ச்சலில் நிகழவில்லை. துணைச் சந்தையாகிய டர்க்குவாய்ஸ் 2010 ஒக்டோபரில் முதலில் மாறியது. ஒரு கட்டளைக்குச் சராசரி 126 மைக்ரோசெக்கனே சென்றதாக அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அச்சந்தை தடைப்பட்டது. அதனால் முதன்மைச் சந்தையின் மாற்றம் பிற்போடப்பட்டு, 2011 பெப்ரவரி 14 இல் நிறைவேறிற்று. பதினொரு நாள் கழித்துப் புதிய முறைமையும் நான்கு மணி நேரம் நின்றது. முன்னர் சி ஷார்ப்பைப் பழித்தோர் இப்போது சி பிளஸ் பிளஸைப் பழித்தனரல்லர்!

பழைய முறைமைக்கு இலண்டன் மீளவில்லை. 2012 இல் மிலான், ஜொகன்னஸ்பேர்க் சந்தைகளும் மாலபேயின் முறைமைக்கு மாறின.