யார் இந்த ஜெசிகா வாட்சன்? குடும்பப் படகு முதல் பந்தயக் கடல் வரை... 16 வயதில் உலகைச் சுற்றிய பெண்ணின் கதை!

2010 மே 15. சிட்னி துறைமுகத்துக்குள் இளஞ்சிவப்பு நிறப் பாய்மரப் படகு ஒன்று நுழைகிறது. கரையில் பெருங்கூட்டம். படகை ஓட்டி வந்தவருக்கு 17 வயது ஆக இன்னும் 3 நாள் பாக்கி! 210 நாட்களாக அந்தப் படகில் அவர் மட்டும்தான். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகைச் சுற்றி வந்திருந்தார் ஜெசிகா வாட்சன்.

2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'ட்ரூ ஸ்பிரிட்' படம் இவருடைய கதைதான். படம் பார்த்த பலருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும். 16 வயசுப் பொண்ணை எந்த அப்பா, அம்மா தனியா கடலுக்கு அனுப்புவாங்க? 2009-ல் ஆஸ்திரேலியாவில் பலர் கேட்டதும் இதே கேள்விதான்.

வீடே படகு!

ஜெசிகா 1993-ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் நியூசிலாந்துக்காரர்கள். நான்கு பிள்ளைகளில் ஜெசிகா இரண்டாவது. இந்தக் குடும்பம் சுமார் 5 ஆண்டுகள் 16 மீட்டர் நீள மோட்டார் படகில்தான் வாழ்ந்தது. சமையல், தூக்கம், பாடம் எல்லாம் படகிலேயே.

இதை 'க்ரூஸிங்' என்பார்கள். இதில் அவசரமே கிடையாது. காற்று மோசமா? நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் குடிநீரை அளந்து செலவழிப்பது, வானிலையைக் கவனிப்பது, பழுதானால் நாமே சரிசெய்வது எல்லாம் தானாகவே பழகிவிடும்.

சின்ன வயசில் ஜெசிகா பயந்த சுபாவம். வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவும் இருந்தது. சுமார் 11 வயது இருக்கும்போது, 18 வயதில் தனியாக உலகைச் சுற்றிய ஜெஸ்ஸி மார்ட்டினின் புத்தகத்தை அம்மா வாசித்துக் காட்டினார். கனவு அங்கேதான் தொடங்கியது.

நள்ளிரவில் நடந்த மோதல்

ஜெசிகாவின் படகு 'எல்லாஸ் பிங்க் லேடி'. 34 அடி நீளம். ஜெஸ்ஸி மார்ட்டின் ஓட்டியதும் இதே 'எஸ் அண்ட் எஸ் 34' வகைப் படகுதான்.

2009 செப்டம்பரில் பிரிஸ்பேனிலிருந்து சிட்னி நோக்கிக் கிளம்பினார். செப்டம்பர் 9 அதிகாலை, சிறிது நேரம் கண்ணயர்ந்திருந்தபோது 'சில்வர் யாங்' என்ற ராட்சத சரக்குக் கப்பலுடன் படகு மோதியது. பாய்மரம் உடைந்து விழுந்தது. ஜெசிகாவுக்குக் காயமில்லை. உடைந்த படகைத் தானே ஓட்டிக்கொண்டு கோல்டு கோஸ்ட் திரும்பினார்.

விமர்சனம் வெடித்தது. "முதல் ராத்திரியே இப்படின்னா, உலகத்தை எப்படிச் சுத்துவாங்க?" என்று கேட்டார்கள். இந்த விபத்தை விசாரித்த ஆஸ்திரேலிய போக்குவரத்து பாதுகாப்பு அமைப்பு, படகு, கப்பல் இரண்டு பக்கமுமே சரியான கண்காணிப்பு இல்லை என்று சொன்னது.

தனியாகப் படகு ஓட்டுவதில் உள்ள அடிப்படைச் சிக்கலே இதுதான். மனிதன் தூங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் படகு நிற்காது!

210 நாட்கள் என்ன நடந்தது?

படகைச் சரிசெய்து, அக்டோபர் 18 அன்று சிட்னியிலிருந்து கிளம்பினார். பசிபிக்கில் பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய்த் திரும்பி, தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆகியவற்றைக் கடந்து, ஆஸ்திரேலியாவின் தெற்குப் பக்கமாக வீடு திரும்புவதுதான் பாதை.

காற்றின் திசையை வைத்தே படகைச் செலுத்தும் கருவி ஒன்று துணைக்கு இருந்தது. அதற்கு 'பார்க்கர்' என்று பெயர் வைத்திருந்தார். தூக்கம்? அலாரம் வைத்து, விட்டு விட்டுத்தான்.

அட்லாண்டிக்கில் வந்த புயல் படகைப் பலமுறை கவிழ்த்துப் போட்டது. ஒவ்வொரு முறையும் படகு தானாகவே நிமிர்ந்தது. காரணம், படகின் அடியில் இருக்கும் 'கீல்' என்ற கனமான பகுதி. தலையாட்டி பொம்மையைச் சாய்த்தால் எப்படி எழுந்துகொள்கிறதோ, அதே தத்துவம்தான்.

திரும்பி வந்ததும் பிரதமர் கெவின் ரட் அவரை நாட்டின் புதிய ஹீரோ என்று பாராட்டினார். ஜெசிகாவோ, "நான் அதை ஏத்துக்க மாட்டேன்" என்கிற பாணியில் மேடையிலேயே மறுத்துவிட்டார். கனவை நம்பி உழைத்த சாதாரணப் பெண்தான் என்றார்.

அப்போ இது உலக சாதனையா?

அதிகாரபூர்வமாக இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, உலக பாய்மரப் படகு வேக சாதனை கவுன்சில் 'மிக இளையவர்' என்ற பிரிவை அங்கீகரிப்பதில்லை. இரண்டு, அதன் விதிப்படி பாதையின் மிகக் குறுகிய தூரம் 21,600 கடல் மைல் இருக்க வேண்டும். ஜெசிகா போன பாதை அந்தக் கணக்கைத் தொடவில்லை. ஆனாலும் அவர் 210 நாள் கடலில் தனியாக இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

பந்தயத்துக்கு வந்தது எப்படி?

2011 டிசம்பரில் ஜெசிகா தேர்ந்தெடுத்தது சிட்னி - ஹோபார்ட் பந்தயம். 1945 முதல் நடக்கும் இந்தப் போட்டி, டிசம்பர் 26-ல் தொடங்கும். தூரம் 628 கடல் மைல், அதாவது சுமார் 1,163 கிலோமீட்டர். 1998-ல் இந்தப் பந்தயத்தின்போது வீசிய புயலில் 6 பேர் உயிரிழந்தார்கள், 5 படகுகள் மூழ்கின.

இதில் முதலில் கரை தொடுபவருக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் ஒட்டுமொத்த வெற்றியாளர் வேறு ஒருவராக இருக்கலாம்! படகின் அளவு, வடிவத்தைக் கணக்கில் கொண்டு நேரத்தைத் திருத்தி முடிவு செய்வார்கள். ஒரே வடிவப் படகுகள் மட்டும் மோதும் பிரிவுகளும் உண்டு. அங்கே சாக்குச் சொல்ல முடியாது. யார் திறமைசாலியோ அவர்களே முன்னால் வருவார்கள்.

அப்படிப்பட்ட 'சிட்னி 38' பிரிவில்தான் 18 வயது ஜெசிகா ஸ்கிப்பராக இறங்கினார். அதுவரை அந்தப் பந்தயத்தில் பங்கேற்றதிலேயே மிக இளைய குழு அது. பிரிவில் இரண்டாம் இடம்!

க்ரூஸிங்கில் காற்று பலத்தால் பாயைச் சுருக்குவார்கள். பந்தயத்தில் எவ்வளவு நேரம் சுருக்காமல் தாங்கலாம் என்று பார்ப்பார்கள். எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்தவர், இங்கே வேலையைப் பிரித்துக் கொடுத்து, மற்றவர்களை நம்பக் கற்க வேண்டியிருந்தது.

சரி... அனுப்பியது சரியா, தப்பா?

விமர்சித்தவர்களின் பயம் பொய்யில்லை. அந்த நள்ளிரவு மோதலே அதற்குச் சாட்சி. அதே நேரம், பெற்றோர் செய்தது குருட்டு தைரியமும் இல்லை. அதற்குப் பின்னால் 5 ஆண்டு படகு வாழ்க்கையும், பல வருடத் தயாரிப்பும் இருந்தன.

ஹோபார்ட் பந்தயத்தில் குழுவினர் முறை வைத்துத்தான் தூங்குவார்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். 2009 செப்டம்பர் 9 அதிகாலையில் ஜெசிகாவிடம் இல்லாமல் போனது அந்த இன்னொரு ஜோடிக் கண்கள்தான்.