கட்டை

திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையை மணந்த மலை. ஆனாலும் சுற்றுவட்டாரத் திருவிழா இரவுகளில் மேடையேறுவது ‘வள்ளி திருமணம்’ நாடகம்தான்! நாயகனாக வரும் ராஜபார்ட் பாடத் தொடங்குமுன் ஆர்மோனியக்காரரிடம் சொல்வது ஒரு எண்: “ஐந்து கட்டை.”

கட்டை என்றால் மரத்துண்டு. ஆர்மோனியத்தில் விரல் அழுத்தும் மரத்துண்டுக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு அதன் சுருதிக்கே பெயராயிற்று. சுருதி ஏற ஏற, வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு. இடையிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, அங்கே கறுப்புக் கட்டையே இல்லை. பொதுவாக ஆண்கள் ஒன்றை ஒட்டியும், பெண்கள் ஐந்தை ஒட்டியும் பாடுவார்கள். ‘கட்டைக் குரல்’ என்பதோ நேர்மாறாக, தாழ்ந்து தடித்த குரல். அந்தக் கட்டை வேறு.

ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சக் கட்டை தேவைப்பட்டது. அதில் கொடிகட்டிய செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். அவர் பாணியை மீட்டவர் சோழவந்தானை அடுத்த தென்கரையின் டி.ஆர். மகாலிங்கம். அவர் ‘ஸ்ரீவள்ளி’ (1945) படத்தில் முருகனாகப் பாடினார்.

ஐரோப்பாவிலும் உச்சக் குரல் ஆண்கள் உண்டு. பழைய பாடகர் ஃபாரினெல்லிக்காக எழுதிய பாடல்களைப் பிலிப் ஜாரூஸ்கி இன்று பாடுகிறார். ஃபாரினெல்லியின் உச்சம் சிறுவயதில் செய்த விதைநீக்கத்தால் வந்தது. ஜாரூஸ்கி பாடுவது நம்மவர் கள்ளக்குரல் என்பதில். கிட்டப்பாவுடையது இரண்டுமல்ல, முழுத் தொண்டை.